காக்கிச் சட்டைக் கதையின் மறுபாதி

குமார், போனில் நீ என்னைப் பேசவிடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "அந்தப் பேச்சே எடுக்காதம்மா. நல்லத நெனச்சா நல்லது வரும். நான் நைனா புள்ளமா" என்று சொல்லி நீ வைத்துவிட்டாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படி. ஆனால் முழுக்கப் படி.

போன வாரம் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது தேவியின் காலைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, நிரம்ப நேரமாகிறது. இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, தேதி வரைக்கும் காத்திருக்காமல் முன்கூட்டியே வந்து படுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதை உன் மனைவி எனக்குச் சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னாள். நீ கூடத்தில் இருந்தாய். தன் வயிற்றில் இருக்கிற குழந்தையைப் பற்றித் தன் வீட்டில் பேச ஒரு பெண்ணுக்குக் குழாய்ச் சத்தம் வேண்டியிருக்கிறது. பிரிட்ஜ் கதவில் நீ ஒட்டி வைத்திருக்கிற குண்டுக் குழந்தையின் படத்தையும் பார்த்தேன். அழகான படம். காலையில் எழுந்ததும் அதன் முன்னால் நின்று இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொள்கிறீர்களாம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் டாக்டரம்மா எழுதிய சீட்டை நீ எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாய், அது கண்ணில் பட்டால் கெடுதல் வரும் என்றாய் என்று தேவி சொன்னாள், அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். நல்லதையே நினைக்கக் கற்றுக்கொடுக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நீ உன் நைனாவின் காக்கிச் சட்டைக் கதையைச் சொல்கிறாயாம், எல்லோரும் கை தட்டுகிறார்களாம். அது நடந்த கதைதான். ஆனால் பாதிக் கதை. மறுபாதியை நாங்கள் இருவருமே உனக்குச் சொன்னதில்லை. உன் நைனா போய்விட்டார், இனி நான்தான் சொல்ல வேண்டும். இதையும் அந்த வகுப்பில் நீ படித்துக்காட்டினால் எனக்குச் சம்மதம்தான்.

உனக்குத் தெரிந்த பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதிலும் நீ ஒன்றை விட்டுவிடுகிறாய். எழுபதுகளில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். ஆரணியாற்றுக்கு வடகரையில் உன் பெரியப்பாவுக்கும் நைனாவுக்கும் சேர்ந்து கொஞ்சம் நெல் நிலம். உன் நைனாவுக்கு அது போதவில்லை. சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வருகிற வேலை வேண்டும் என்று ஆசை. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு மாடி அறையில் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் ஞாயிறுதோறும் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கிளாஸ் எடுப்பதால் கிளாஸ் ஐயா என்பார்கள். மனசு ஒரு காந்தம், வேண்டியது கிடைத்துவிட்டது என்றே நினை, கிடைத்தவன் போலவே நட, சந்தேகத்தை உள்ளே விடாதே, கெட்டதை வாயால் சொல்லாதே, சொன்னால் காந்தம் அதையும் இழுத்துவிடும். இதுதான் அவர் சொல்லிக் கொடுத்தது. உன் வகுப்பில் சொல்வதும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன்.

உன் நைனா ஒரு காக்கிச் சட்டை தைத்துக்கொண்டு வந்தார். விடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு, தூக்குச் சட்டியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் கல்கத்தா ரோட்டுக்குப் போய்விடுவார். அங்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஓர் இரும்புக் கம்பெனியின் கேட்டுக்கு எதிரே நிற்பார். ஊரே சிரித்தது. ஒரு மழை நாளில் கம்பி ஏற்றிய லாரி கேட்டு வாசலிலேயே சேற்றில் இறங்கிவிட்டது. இவர் ஓடிப்போய், டீக்கடையில் நின்றவர்களைக் கூப்பிட்டுக் கல்லும் பலகையும் போடவைத்து, வண்டியை ஏற்றிவிட்டார். உள்ளேயிருந்து வந்த சூப்பர்வைசர் காக்கிச் சட்டையைப் பார்த்து, "நீ எந்த ஷிப்ட்டு?" என்று கேட்டாராம். "இன்னும் சேரல சார்" என்றாராம் இவர். மறுநாள் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நீ நிறுத்திவிடுகிறாய். நினைப்பு இழுத்தது என்கிறாய். நானும் அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன், பெரியபாளையம் பவானி அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தேன். பிறகுதான் யோசித்தேன். அவர் வீட்டில் படுத்துக்கொண்டு நினைத்திருந்தால் லாரி அங்கே சேற்றில் மாட்டியிருக்கும், இவர் இங்கே படுத்திருப்பார். ஆசை அவரை அந்தக் கேட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்கு மேல் அவருடைய தோள்தான், நீ விட்டுவிடுவது அதைத்தான். ஆசையை நான் குறைத்துச் சொல்லவில்லை, குமார். ஆசையில்லாத ஆளோடு குடித்தனம் பண்ணுவது உப்பில்லாத சோறு. ஆனால் அந்த வேலை கிடைத்ததிலிருந்து உன் நைனா, ஐயா சொன்ன எதையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார். அங்கேதான் ஆரம்பித்தது.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது உனக்குத் தெரியும். காய்ச்சலில் போய்விட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள் போன துக்கம் உன் நைனாவுக்கு ஆறவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து ஐயாவிடம் அதைக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "தாயி மனசுல பயம் இருந்தா, அந்த பயமே நோவ இட்டாந்துடுமாம். ஐயா சொல்றாரு. உன்ன தப்பு சொல்லலமே. இனிமே உஷாரா இருந்துக்கலாம்னு சொல்றேன்."

அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அன்பாகச் சொன்னார். அதனால் அது நேரே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நான் பயந்தவள்தான். முதல் குழந்தைக்காரி எவள் பயப்படாமல் இருப்பாள்? அது தும்மினாலும் பயந்தேன், தூங்கினாலும் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். அப்படியென்றால் நான்தான் இழுத்துவிட்டேனா? யாரிடமும் கேட்கவில்லை. அரிசி களையும்போது, களை எடுக்கும்போது, கையில் வேலை இருக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி கூடவே இருந்தது.

அதற்கப்புறம் நீ வந்தாய். நீ வயிற்றில் இருப்பது தெரிந்த நாளிலிருந்து எனக்கு இரண்டு பயம். ஒன்று உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. இன்னொன்று, இப்படிப் பயப்படுகிறேனே, இதனாலேயே உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. முதல் பயத்தையாவது தாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது இருக்கிறதே, அது மனுஷியைத் தனியாக ஓர் அறையில் போட்டுப் பூட்டுகிற மாதிரி. உன் நைனா கேட்பார், "சந்தோஷமா கீறியா?" நான் சிரித்து வைப்பேன்.

மாதம் ஏறியபோது நர்சம்மா வீட்டுக்கு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "கொழந்த தல மேல கீது, திரும்பவே இல்ல. வலி எடுக்கறதுக்கு முன்னாடியே திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்டணும். மழக்காலம் வேற. ஆத்துல தண்ணி வந்துட்டா இன்னா பண்ணுவ?" என்றாள். உன் நைனா முகம் சுருங்கியது. அவளை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்து, "இனிமே இந்தம்மா நம்ம ஊட்டாண்ட வரக்கூடாது. கொழந்த திரும்பிடும். திரும்பிடுச்சுன்னே நெனை. ஆஸ்பத்திரின்னு வாயால சொல்லாத" என்றார்.

நான் வாயால் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கென்று இரண்டு பழைய சேலை, துணிக்கந்தல், ஒரு சொம்பு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி நெற்குதிருக்குப் பின்னால் வைத்தேன். ஒருநாள் வயலிலிருந்து வந்து பார்த்தால் அந்தச் சேலைகள் கொடியில் தொங்குகின்றன. அவர் பிரித்து, உதறி, அழகாக மடித்துப் போட்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு போட்டபோது எனக்குக் கை வரவில்லை. இந்த மனுஷன் கெட்டவர் இல்லை, குடிப்பதில்லை, கை ஓங்கியதில்லை, என்னையும் குழந்தையையும் உயிராக நினைக்கிறார். அப்படிப்பட்டவர் கையாலேயே நான் சாகப் போகிறேனோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் உடனே பயந்தேன்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. ஒரு காலையில் உன் பெரியம்மா தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "ஏமே, ஆத்துல செந்தண்ணி வந்துகினு கீது. தரப்பாலத்துக்கு மேல ஏறிடுச்சாம். மத்தியானத்துக்கு மேல மாடுகூட தாண்டாதாம். இன்னா பண்ணப் போறீங்க?"

உன் நைனா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "வடிஞ்சிடும் அண்ணி. வடியுதுன்னு நெனைங்க."

"நீ வடியுதுன்னு நெனப்ப, மேல ஏரிக்காரன் தொறந்து வுடணும்னு நெனப்பான். ஆறு யாரு பேச்சக் கேக்கும்? பொண்டாட்டி மூஞ்சியப் பாருப்பா மொதல்ல!"

அவர் பார்த்தார். நான் சிரிக்கத்தான் முயன்றேன். வரவில்லை. எழுந்து, அவர் பக்கத்திலேயே நடந்து, மழையில் இறங்கி மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். செவலையை அவிழ்த்தேன். நான் தீனி வைக்கிற மாடு, கூட வந்தது. வண்டி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். நுகத்தடியைத் தூக்க வயிறு விடவில்லை. குனிந்தேன், முடியவில்லை, மறுபடி குனிந்தேன். அதற்குள் அவர் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார்.

"இன்னா பண்ற நீ? பைத்தியமா புடிச்சிருக்கு?"

"எனக்கு பயமா கீது" என்றேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "மாசக்கணக்கா பயமா கீது. பயந்தா கொழந்த போய்டும்னு பயந்துகினே உங்ககிட்ட சிரிச்சுகினு கீறேன். அந்தப் பொண்ணு என் பயத்தாலதான் செத்துச்சுன்னா, அந்தப் பாவம் என்னோட இருக்கட்டும். இத நான் பயந்தே காப்பாத்துறேன். வண்டிய கட்றியா, நான் நடந்து போவட்டா?"

அதுவரைக்கும் நான் அவரிடம் ஒருமையில் பேசியதே இல்லை. என் தோளில் இருந்த கையை அவர் எடுக்கவில்லை. நான் அழவில்லை, அவர் முகத்தில் வழிந்தது மழையா வேறா என்று எனக்குத் தெரியாது. பிறகு குனிந்து நுகத்தடியைத் தூக்கினார்.

வண்டியில் வைக்கோலைப் பரப்பி என்னைப் படுக்கவைத்தார், பெரியம்மாவும் ஏறிக்கொண்டாள். ஆற்றங்கரைக்கு வந்தபோது தரைப்பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓரத்துக் கற்களின் தலை மட்டும் அங்கங்கே தெரிந்தது. அந்தக் கற்களுக்கு நடுவில்தான் பாதை. கரையில் நின்றவர்களில் ஒருவர், "யோவ், புள்ளத்தாச்சிய வச்சுகினு எங்கய்யா போற? திருப்பு வண்டிய!" என்று கத்தினார். உன் நைனா வண்டியிலிருந்து இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, மாடுகளுக்கு முன்னால் காலால் தரையைத் தடவித் தடவி இறங்கினார். தொடை வரைக்கும் தண்ணீர். அது சும்மா ஓடவில்லை, இழுத்தது.

பாதிப் பாலத்தில் ஜோடி மாடு மயிலைக்குக் கால் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, பலகை இடுக்கில் தண்ணீர் பொங்கி என் முதுகை நனைத்தது. பெரியம்மா "அம்மா பவானி!" என்று என்மேல் கவிழ்ந்து பிடித்துக்கொண்டாள். உன் நைனா, ஐயா சொல்லிக்கொடுத்த வரியைச் சொல்வார், எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டது என்பார் என்று நினைத்தேன். அவர் மாட்டின் கழுத்தைத் தோளில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, திரும்பாமலேயே கத்தினார்: "எனக்கும் பயமா கீதுமே! கெட்டியா புடிச்சுக்கோ! அண்ணி, அவள வுட்டுடாதீங்க!"

உன்னிடம் எப்படிச் சொல்வேன், குமார். அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. அந்தப் பூட்டிய அறைக்குள் வேறு ஒருத்தரும் வந்து உட்கார்ந்துகொண்டார். மயிலை எழுந்தது. நாங்கள் கரையேறினோம்.

பெரியபாளையத்தில் செங்கல் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரிக்காரர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முன் சீட்டில் இடம் விட்டார், உன் நைனா மாடுகளைத் தெரிந்தவர் வீட்டில் கட்டிவிட்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டார். திருவள்ளூர் போவதற்கு முன்பே வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. "இப்பவாவது வந்தீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தி வைக்க ஏற்பாடு பண்ணச் சொன்னாள். என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது அங்கிருந்த நர்சு, "மொதப் பிரசவமா?" என்று உன் நைனாவைக் கேட்டாள். அவர் உடம்பெல்லாம் சேறு. அந்தப் பெண் குழந்தையைப் பற்றி, பயம் நோவைக் கொண்டுவரும் என்று என்னிடம் சொன்னதற்கு அப்புறம், அவர் வாயைத் திறந்ததே இல்லை. அன்றைக்குச் சொன்னார்: "இல்லம்மா. ஒரு பொண்ணு இருந்துச்சு. காய்ச்சல் வந்து போயிடுச்சு." பிறகு தள்ளுவண்டியோடு கூடவே நடந்து வந்து, என் காதருகே குனிந்து, "காய்ச்சல்தான்மே. நீ இல்ல. காய்ச்சல்தான்" என்றார்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் நீ பிறந்தாய். அன்றைக்கே தரைப்பாலம் முழுக்க மூழ்கி, ஊருக்கும் ஆற்றின் தென்கரைக்கும் பல நாள் போக்குவரத்தே இல்லை. பெரியம்மாவும் நம்மோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள், போக வழியில்லாமல்.

உன் நைனா அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை அந்த மாடி அறைக்குப் போனார். நடந்ததை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாராம். கிளாஸ் ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா, உங்கள் ஆழ்மனம் நல்லதையே பிடித்துக்கொண்டிருந்தது, அதனால்தான் வண்டி கரையேறியது" என்றாராம். இவர் வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, உன்னை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு சொன்னார்: "செத்திருந்தா நம்ம நெனப்பு சரியில்லன்னு சொல்லிருப்பாரு. பொழச்சா நெனப்புதான் பொழக்க வச்சதுன்றாரு. எது நடந்தாலும் அவுரு சொன்னதுதான் ரைட்டுன்னா, அப்புறம் அதுல இன்னாமே கீது?" அதோடு போவதை நிறுத்திவிட்டார்.

ஆனால் ஆசைப்படுவதை அவர் நிறுத்தவே இல்லை. நீ படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், இரண்டு ஷிப்ட் பார்த்தார். ஓட்டு வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் தானே மண் சுமந்தார். உனக்குக் காக்கிச் சட்டைக் கதையைச் சொன்னது அவர்தான். சிரித்துக்கொண்டே சொல்வார், உனக்கு அது பிடிக்கும். ஆற்றைப் பற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சொல்லட்டுமா?" என்று நான் ஒருமுறை கேட்டபோது, "கொஞ்சம் பெரியவனாவட்டும்மே" என்றார். நீ பெரியவனாகிக்கொண்டே போனாய், நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே போனோம்.

உன் வகுப்பை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. படத்தையும் கிழிக்க வேண்டாம். நல்லதை நினைத்தால் காலையில் எழுந்து வேலை செய்யத் தெம்பு வரும், அது எனக்கும் தெரியும். ஆனால் பயம் என்றால் கெட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே. நான் பயப்படாமல் இருந்திருந்தால் நீ இதைப் படிக்க இருக்கமாட்டாய். பயத்துக்கு ஒன்றையும் இழுக்கத் தெரியாது. தண்ணீர் ஏறுகிறது, எழுந்திரு என்று சொல்ல மட்டும்தான் தெரியும். அதன் வாயைப் பொத்தினால் தண்ணீர் நிற்காது, நமக்குத்தான் காது கேட்காமல் போகும்.

தேவி உன்னிடம் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், குமார். நான் அதைச் சிரித்திருக்கிறேன். அவளுக்கு இப்போது தலைவலியும் வருகிறது, அதையும் அந்தக் குழாய்ச் சத்தத்துக்குள்தான் என்னிடம் சொன்னாள். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், ஏனென்றால் சொன்னால் குழந்தைக்கு ஆகாது என்று நீயே அவளிடம் சொல்லியிருக்கிறாய். அன்பாகத்தான் சொல்லியிருப்பாய். உன் நைனாவும் அன்பாகத்தான் சொன்னார்.

இந்தக் கடிதத்தைப் பெரியப்பா மகன் கையில் கொடுத்து முதல் ரயிலுக்கு அனுப்புகிறேன். படித்து முடித்ததும் அவளிடம் போய் உட்கார். "உனக்கு பயமா கீதா?" என்று கேள். இல்லை என்றுதான் முதலில் சொல்வாள். எழுந்துவிடாதே. இன்னொரு தரம் கேள். பேச ஆரம்பித்தாள் என்றால் ஆறுதல் சொல்லாதே, திருத்தாதே, குறுக்கே ஒரு வார்த்தை பேசாதே, முழுக்கக் கேள். அப்புறம் டாக்டரம்மா எழுதின சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வண்டிக்குச் சொல். நான் அடுத்த ரயிலில் வருகிறேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன், நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுகிறேன்.

அம்மா